காரணம் எழுதாத திருத்தம்

கணினி நிரலைப் பற்றிப் பேசத் தமிழாசிரியருக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் வினவக்கூடும். சுவடியோடும் பாடபேதத்தோடும் பழகியவர்களுக்கு இது அயல்வீட்டுச் செய்தியன்று என்பதே நம் விடை.

நிரலும் ஒரு பனுவலே. பலர் கூடி எழுதுவது. நாள்தோறும் திருத்தம் பெறுவது. எத்திருத்தத்தை யார், எப்போது செய்தார் என்பதைக் காக்கவே வெர்ஷன் கண்ட்ரோல் கருவிகள் தோன்றின. 1972இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராக்கைண்ட் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ். இவற்றின் முன்னோடி. பின்னர் ஆர்.சி.எஸ்., சி.வி.எஸ். முதலியன வந்தன. லினக்ஸ் குழுவினர் பயன்படுத்திவந்த பிட்கீப்பரின் இலவச உரிமம் 2005இல் விலக்கப்படவே, அவ்வாண்டு ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் 'கிட்' கருவியை எழுதத் தொடங்கினார். இன்று நிரலாளர் பெரும்பாலோர் கையில் இருப்பது அதுவே.

கிட்டில் 'கமிட்' எனப்படும் ஒவ்வொரு பதிவும் எழுதியவர் பெயரையும் நேரத்தையும் முந்தைய பதிவின் அடையாளத்தையும் தாங்கி நிற்கிறது. ஆயிரம் பதிவுகளுக்கிடையே பிழை நுழைந்த இடத்தை, 'பைசெக்ட்' கட்டளையால் பாதி பாதியாகக் குறைத்து, ஏறத்தாழப் பத்தே சோதனைகளில் கண்டுவிடலாம். ஆனால் கண்ட பதிவில் முப்பது மாற்றங்கள் கலந்து கிடந்து, குறிப்பில் 'சரிசெய்யப்பட்டது' என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் என்ன பயன்? எது மாறியது என்பதைக் கருவி அறியும். ஏன் மாறியது என்பதை மாற்றியவர்தாம் எழுத வேண்டும்.

இதை நாம் பட்டறிந்தோம். நம் துறையில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடத்தொகுப்பு உருவாக்கினோம். கணினியில் 'இறுதி', 'இறுதி 2', 'இறுதியிலும் இறுதி' என்று கோப்புகள் பெருகின. ஒன்றில் இருந்த ஒரு வாக்கியம் மற்றொன்றில் இல்லை. நீக்கியவர் ஓய்வுபெற்றுச் சென்றுவிட்டார். கைத்தவறு என்றெண்ணி அதனை மீண்டும் சேர்த்தோம். அச்சான பின்னரே அது பிழையான செய்தி என்பதும், அறிந்தே நீக்கப்பட்டது என்பதும் தெரியவந்தன. ஓராண்டுக் காலம் மாணவர்கள் அப்பிழையையே படித்தனர். ஒருவர் களைந்த பிழையை, காரணம் அறியாமையால் நாமே மீட்டு வந்தோம்.

சுவடிகளின் வரலாறும் இதுவே. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்பிட்டு உழைத்தார். ஒரு சொல்லை மாற்றி எழுதியவர் பிழையால் மாற்றினாரா, பொருளுணர்ந்து மாற்றினாரா என்பதை ஏடு சொல்வதில்லை. பதிப்பாசிரியரே ஆய்ந்து துணிய வேண்டும்.

நல்ல நிரல் தன்னைத் தானே விளக்கும். குறிப்பு எழுதுவது வீண்வேலை என்பார் உளர். நிரல் இப்போது உள்ளதைத்தான் விளக்கும். முயன்று கைவிட்ட வழியையும் விலக்கியதற்கான காரணத்தையும் அது எங்ஙனம் சொல்லும்? பணி நெருக்கடியை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இரண்டு வரி எழுத இரண்டு நிமிடம் போதும்.

வேண்டுவது பெரிதன்று. ஒரு பதிவில் ஒரு மாற்றம். முதல் வரியில் அதன் சுருக்கம். ஒரு வரி இடைவெளி விட்டு, அதன் காரணம். பிறரோடு பகிர்ந்துவிட்ட வரலாற்றைச் சொல்லாமல் திருத்தி எழுதாதிருத்தல். ஏடு எழுதியோருக்கு ஓலையில் இடம் குறைவு. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.