கிச்சனருக்கு எதற்கு இந்தத் தையல்?

“பொம்பளைங்களுக்கு இதெல்லாம் தானா வந்துடும்மா” என்று சொல்லித்தான் நூல் கடைக்காரர் ஐந்து ஊசிகளையும் கட்டிக் கொடுத்தார். நான்கு மாதம் ஆகிறது. தானாக எதுவும் வரவில்லை.

சாக்ஸ் பின்ன 64 கண்ணிகளை ஏற்றி, நான்கு ஊசிகளில் பதினாறு பதினாறாகப் பிரித்து, ஐந்தாவது ஊசியால் வட்டமாகப் பின்ன வேண்டும். (சென்னை வெயிலில் சாக்ஸ் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. கிரிக்கெட் மட்டை வாங்கும் ஆணிடம் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.) கணுக்கால்வரை வெறும் குழாய்தான். சிக்கல் குதிகாலில் தொடங்குகிறது. பாதிக் கண்ணிகளை அப்படியே நிறுத்திவிட்டு, மீதி 32ஐ மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி ஒரு பட்டையாக்க வேண்டும். பிறகு வரிசையை முடிக்காமல் பாதியிலேயே திரும்ப வேண்டும். திரும்பும் இடத்தில் இரண்டு கண்ணிகளை ஒன்றாக்க வேண்டும். இப்படித் திரும்பித் திரும்பிப் பின்னினால், தட்டையாக இருந்த துணி குழிந்து கிண்ணமாகிறது. கத்தரியும் இல்லை, தையலும் இல்லை, வெறும் எண்ணிக்கை. மூன்று குதிகால்களைப் பிரித்துப் போட்ட பிறகுதான் எனக்கு ஒன்று வாய்த்தது. இதைப் பெண்ணின் இயல்பு என்பவர், அவள் எண்ணிய எண்ணிக்கையை ஒன்றுமில்லை என்கிறார்.

அடுத்தது விரல்முனை. கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் மேலே எட்டு, கீழே எட்டு மிஞ்சும். முனை மழுங்கிய தையலூசியால் இரண்டு வரிசைகளையும் ஒன்றாகக் கோத்து மூடினால் இணைத்த தடமே தெரியாது, விரலில் உறுத்தாது. கற்றுக்கொள்பவர்கள் எல்லோரும் பயப்படும் இடம் இது. இதற்குப் பெயர் உண்டு: கிச்சனர் தையல்.

பின்னலில் இயல்பு என்று தள்ளிவிட முடியாத நுட்பம் ஒன்று இருந்தது. உடனே அதற்கு ஓர் ஆணின் பெயர், அதுவும் தளபதியின் பெயர், கிடைத்துவிட்டது.

1914இல் பிரிட்டனின் போர் அமைச்சரானவர் கிச்சனர். பதுங்குகுழிச் சேற்றில் சிப்பாய்களின் பாதங்கள் அழுகின. பெண்கள் வீடுவீடாக உட்கார்ந்து சாக்ஸ் பின்னி அனுப்பினார்கள். உறுத்தாத முனையை வடிவமைத்தவர் அவரே என்று கதை கட்டப்பட்டது. அவர் ஊசி பிடித்ததற்குச் சான்று ஏதும் இல்லை. இந்த இணைப்பு முறையோ 19ஆம் நூற்றாண்டுத் தையல் கையேடுகளிலேயே இருக்கிறது.

இதே கிச்சனர்தான் தென்னாப்பிரிக்கப் போரில் போயர்களின் பண்ணைகளைக் கொளுத்தி, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்த படைக்குத் தலைமை தாங்கியவர். நோயிலும் பட்டினியிலும் ஏறத்தாழ 26,000 பேர் அங்கே இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். கறுப்பின மக்களைத் தனி முகாம்களில் அடைத்தார்கள். அங்கே இறந்த ஆயிரக்கணக்கானோரை ஒழுங்காக எண்ணக்கூட இல்லை. அதற்குப் பிறகு 1902 முதல் 1909 வரை இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியும் அவரே.

1901இல் அந்த முகாம்களுக்குப் போய், பார்த்ததை வெளியே சொன்னவர் எமிலி ஹாப்ஹவுஸ். அதே ஆண்டு மீண்டும் போனபோது, கேப்டவுனில் இறங்கவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். போர் முடிந்தபின் 1905இல் அவர் திரும்பிப் போய் ஃபிலிப்போலிஸ் என்ற ஊரில் போயர் பெண்களுக்கு நூற்கவும் நெய்யவும் பள்ளி தொடங்கினார். அவர் பெயரில் தையல் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்பார்கள். தெருப் பெயருக்காக ஊர்வலம் போகிற ஊர் இது. மடியில் வைத்துச் செய்யும் வேலை என்றால் மட்டும் யார் பெயராக இருந்தாலும் பரவாயில்லையா?

போன வாரம் முதல் சாக்ஸின் முனையை மூடினேன். ஒரு கண்ணி தவறித் துளை விழுந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் எதிர்வீட்டுப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு. “இதுக்குப் பேரு என்னக்கா?” என்றாள். முனை மூடுறது என்றேன். இன்னொரு சாக்ஸ் மிச்சமிருக்கிறது. அதன் குதிகாலை அவள் பின்னிப் பார்க்கிறாளாம்.