'கட்' சொல்லும் அதிகாரம் யாருக்கு?

தமிழ்த் திரையில் பறக்கும் கார்களுக்கும் உருளும் ஆட்களுக்கும் வடபழனியோடு தொடர்பு உண்டு. சண்டைக் கலைஞர்களின் சங்கம் இயங்குவது அங்கேதான். 2025 ஜூலை 13 அன்று, நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் நடந்த 'வேட்டுவம்' படப்பிடிப்பில் அச்சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்தார். சாய்வு மேடையில் வேகமாக ஏறிய கார் அந்தரத்தில் புரண்டு, முன்பக்கம் தரையில் மோத விழுந்தது. கார் சாகசங்களுக்கென்றே பெயர்பெற்றவர் அவர். அனுபவம் போதாததால்தான் விபத்து நடக்கிறது என்ற வழக்கமான சமாதானம் இங்கே எடுபடாது.

முந்தைய விபத்துகளும் இதையே சொல்கின்றன. 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூவர் இறந்தனர். 2022 டிசம்பரில் 'விடுதலை' படப்பிடிப்பில் ரோப் அறுந்து ஒரு சண்டைக் கலைஞர் பலியானார். 2024 ஜூலையில், வடபழனிக்குப் பக்கத்திலேயே, சாலிகிராமம் பிரசாத் ஸ்டூடியோவில் 'சர்தார் 2' படத்துக்காக உழைத்த இன்னொருவர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். கிரேன், ரோப், உயரம், கார் என்று காரணங்கள் வேறுபடலாம். ஆனால், எடை, வேகம், தாங்குதிறன் ஆகிய மூன்றும் முன்கூட்டியே கணக்கிடக்கூடியவை. இந்த விபத்துகளை விதி என்று சொல்லிக் கடந்துபோக முடியாது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விவசாயிகள் பொழுதுபோக்காக நடத்தும் டிராக்டர் இழுவைப் போட்டியை இதோடு ஒப்பிடலாம். டிராக்டர் ஒரு பாரவண்டியை இழுத்துச் செல்லும். போகப் போக வண்டியின் மேலுள்ள எடை முன்னால் நகர்ந்து, இழுப்பதைக் கடினமாக்கும். டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும். சங்கிலி அறுவதும் ஃப்ளைவீல் சிதறுவதும் நடக்கக்கூடியவை. அதனால், இயந்திரம் உடையும் என்று வைத்துக்கொண்டே அங்கு விதிகளை எழுதுகிறார்கள். டிராக்டரின் பின்புறமுள்ள கில் ஸ்விட்ச்சைக் கயிற்றால் பாரவண்டியோடு கட்டிவிடுவார்கள். இணைப்பு அறுந்தால் கயிறு ஸ்விட்ச்சை இழுக்கும், எஞ்சின் அணைந்துவிடும். டிராக்டர் மல்லாந்து விழாமல் தடுக்கப் பின்னால் தாங்கு சட்டங்கள் உண்டு. சிதறும் பாகங்களைத் தடுக்கக் கவசமும் உண்டு. ஓட்டுநரின் தைரியத்தை மட்டும் நம்பி யாரும் களமிறங்குவதில்லை.

தடை விதிப்பது ஒரு வழிதான். 2023 அக்டோபரில் குர்தாஸ்பூர் மாவட்டத் திருவிழாவில் டிராக்டர் சாகசம் செய்த இளைஞர் அதே டிராக்டரில் சிக்கி இறந்ததும், பஞ்சாப் அரசு அத்தகைய சாகசங்களுக்குத் தடை விதித்தது. சினிமாவில் அது தீர்வாகாது. சண்டைக் காட்சிதான் இவர்களுக்குச் சோறு போடுகிறது. காட்சியை வைத்துக்கொண்டே ஆபத்தைக் குறைப்பதுதான் நமக்குள்ள வழி.

காப்பீடு அவசியம்தான். விழுந்தமாவடி விபத்துக்குப் பிறகு, நடிகர் அக்ஷய் குமார் நாடெங்கும் ஏறத்தாழ 650 சண்டைக் கலைஞர்களுக்குக் காப்பீடு எடுத்துக்கொடுத்த செய்தி வந்தது. பாராட்டுக்குரியது. ஆனால், குடும்பத்துக்குப் பணம் கிடைப்பதால் ரோப் உறுதியாகிவிடாது. ஒரு தொழிலின் பாதுகாப்பு தனிமனிதரின் பெருந்தன்மையை நம்பியிருப்பதும் முறையல்ல.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் வரம்புக்குள் சண்டைக் கலைஞர்களும் வருகிறார்கள். அதன் பயன் படப்பிடிப்புத் தளம்வரை வர வேண்டுமானால், திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியும் தயாரிப்பாளர்களும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் இடம்பெற வேண்டும். கார், கிரேன், ரோப் ஆகியவற்றைக் காட்சிக்கு முன் சோதித்துக் கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும். ஆள் ஏறுவதற்கு முன், அதே எடையோடு ஆளில்லாத ஒத்திகை ஒன்று நடக்க வேண்டும். மூன்றாவது, 'கட்' சொல்லும் அதிகாரமுள்ள பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வேண்டும். அவருடைய சம்பளம் தயாரிப்பாளரிடமிருந்தோ சண்டை மாஸ்டரிடமிருந்தோ நேரடியாக வரக் கூடாது.

செலவு கூடும், நேரம் விரயமாகும் என்று ஆட்சேபம் எழும். ஒரு நாள் படப்பிடிப்புக்குப் பல லட்சங்கள் இறைக்கும் துறைக்கு அரை நாள் சோதனை பெரும் சுமையல்ல. மேலும், "மாஸ்டர், இந்த ரோப் சரியில்லை" என்று சொல்பவருக்கு அடுத்த படத்தில் அழைப்பு வராமல் போகலாம் என்ற அச்சம் இருக்கும்வரை, தைரியம் என்ற பெயரில் மௌனமே நீடிக்கும். அந்த மௌனத்தை உடைக்கும் பொறுப்பைத் தினக்கூலிக் கலைஞரின் தலையில் கட்டக் கூடாது. அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும். எழுதவைக்கும் பலம் சங்கத்துக்கு இருக்கிறது.