நூலகவியல்: தேடலைக் கற்பிக்கும் கல்வி

நுழையும்முன்

நூலகர் என்றதும் நம் மனத்தில் தோன்றும் உருவம் எது? நூலை எடுத்துத் தருபவர், திரும்பப் பெறுபவர், அமைதி காக்கச் சொல்பவர். இப்பணிக்கு ஒரு பட்டப்படிப்பு தேவையா? அப்படிப்பில் மாணவர் கற்பதுதான் என்ன? தொழிற்சாலைகள் சூழ்ந்த ஓர் ஊரில் நின்று இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

ஓர் ஊரின் கேள்வி

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், ஒரகடத்தை நெருங்கும்போது வருகிறது சேரப்பணஞ்சேரி. புதிய மகிழுந்துகளை அடுக்கிச் செல்லும் நெடிய வண்டிகளும், பணிமுறை மாறும் வேளையில் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் நிறுவனப் பேருந்துகளும் அச்சாலையில் ஓய்வதில்லை. திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் எனத் தொடரும் இத்தொழில் வட்டாரத்தில் வளரும் மாணவருக்குத் தொழிற்பயிற்சி நிலையம், பட்டயப் படிப்பு, பொறியியல் என்னும் வழிகள் நன்கு தெரிந்தவை. இவ்வூர் மாணவி ஒருவர், பட்டம் பெற்றபின் நூலகத் தகவல் அறிவியல் பயிலப்போவதாகச் சொன்னால், "புத்தகம் அடுக்குவதற்கும் ஒரு படிப்பா?" என்றே பலரும் கேட்பர். அக்கேள்வியில் ஏளனம் இருக்கலாம். ஆயினும் அது நேர்மையான விடைக்கு உரிய கேள்வி.

விடையைத் தொழிற்சாலையிலிருந்தே தொடங்கலாம். அங்குள்ள பொருள் வைப்பறையில் பல்லாயிரம் உதிரிப் பாகங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஓர் அடுக்கு, ஓர் இடம் உண்டு. சிறிய திருகாணி ஒன்று இருக்குமிடம் தெரியாமற்போனால் உற்பத்தித் தொடரே நின்றுவிடும். அந்த ஒழுங்கிற்குப் பயிற்சி வேண்டும் என்பதை இவ்வட்டாரத்தில் எவரும் மறுக்கமாட்டார். ஆனால், திருகாணிக்குப் பயன் ஒன்று. நூலுக்கோ பயன் பல. ஏரியைப் பற்றிய ஒரு நூலை வேளாண்மை பயில்பவரும் தேடுவார். வரலாறு எழுதுபவரும், பொறியாளரும், நிலவழக்கு நடத்தும் வழக்குரைஞரும் தேடுவர். நூலின் ஒரு படியோ ஓரிடத்தில்தான் நிற்க முடியும். நால்வரும் வெவ்வேறு வழியில் வந்து அதனை அடையச் செய்வது எப்படி? நூலகவியல் இச்சிக்கலிலிருந்தே பிறக்கிறது.

கணிதத்திலிருந்து நூலகத்திற்கு

இச்சிக்கலுக்கு உலகம் ஏற்ற விடைகளுள் ஒன்றைத் தந்தவர் சீர்காழி இரா. அரங்கநாதன் (1892–1972). சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர், 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பேராசிரியப் பணியின் உயிர்ப்புக்குப் பழகியவருக்கு நூலகத்தின் தனிமை முதலில் சலிப்பையே தந்தது. பயிற்சிக்காக இலண்டன் சென்றபின் அவருடைய பார்வை மாறியது. அங்கே ஒரு பெருங்கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பெட்டியைக் கண்டார். உலோகத் துண்டுகளையும் திருகாணிகளையும் வெவ்வேறு வகையில் இணைத்தால் ஒரே பெட்டியிலிருந்து பற்பல உருவங்கள் கிடைத்தன. அறிவுத் துறைகளையும் இவ்வாறு சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியபோது இணைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் அவருக்குள் எழுந்தது. அதன் விளைவாக 1933இல் வெளிவந்தது கோலன் பகுப்புமுறை. கூறுகளை இணைக்க அவர் பயன்படுத்திய முக்காற்புள்ளியே அம்முறைக்குப் பெயராயிற்று.

2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் காஞ்சிபுரம் மாவட்ட ஏரிகளில் வண்டலைத் தூர்வாருவது பற்றி ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். ஏரி என்பது அதன் மையப்பொருள், வண்டல், பருப்பொருள், தூர்வாருதல், செயல், காஞ்சிபுரம், இடம், 2015க்குப் பிந்தையது, காலம். இந்த ஐந்து கூறுகளையும் இனங்கண்டு வரிசைப்படுத்தப் பழகுகிறார் நூலகவியல் மாணவர். 1876இல் அமெரிக்கரான மெல்வில் தூயி வெளியிட்ட தசமப் பகுப்பு, அறிவுலகை முதலில் பத்துப் பெரும்பிரிவுகளாக்கி மேன்மேலும் பகுத்துச் செல்கிறது. இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டுக் கற்கும் மாணவர், எந்த நூலைக் கண்டாலும் "இது எதைப் பற்றியது?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார். எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்குத் துல்லியமாக விடை கூறுவது அரிது.

பெயர்களின் காடு

அடுத்ததாக மாணவர் கற்பது நூற்பட்டியல் ஆக்கம். தமிழ்நூல்களைப் பொறுத்தவரை இது பெருஞ்சவால். சுவாமி வேதாசலம் என்னும் பெயரில் வெளிவந்த நூலும் மறைமலையடிகள் என்னும் பெயரில் வெளிவந்த நூலும் ஒருவருடையவை என்பது பட்டியலைப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடும் நம் வழக்கையும், குடும்பப்பெயரை முன்னே கொள்ளும் மேலைநாட்டு வழக்கையும் ஒரே கணினி எவ்வாறு ஏற்கும்? திருக்குறள் என்னும் ஒரு சொல்லையே ஆங்கில எழுத்தில் பலரும் பலவாறு எழுதுகின்றனர். ஒரு வடிவத்தைத் தட்டச்சிட்டுத் தேடுபவருக்கு மற்ற வடிவங்களில் பதிந்தவை கிடைக்காமற்போகலாம். இவ்வடிவங்களை எல்லாம் ஒரே முடிச்சில் கட்டும் விதிகளைப் பட்டியலாக்கம் கற்பிக்கிறது. அந்த முடிச்சு இல்லையெனில், நூல் நூலகத்தில் இருந்தும் இல்லாததே ஆகும்.

மூன்றாவது, குறிப்புதவிப் பணி. நூலகத்திற்கு வருபவர் தமக்கு வேண்டியதைத் தெளிவாகக் கேட்பது அரிது. "நிலம் பற்றிய புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது, நிலம் கையகப்படுத்தும்போது வழங்கும் இழப்பீடு பற்றிய சட்டமாக இருக்கலாம். எதிர்வினாக்களால் அவரை நோகச் செய்யாமல், அவருடைய தேவையை அவரே உணரும்படி செய்வது ஒரு பயிற்சி. மருத்துவர் நோயாளியிடம் பேசக் கற்பதைப் போன்றதே இது.

இவற்றோடு, நியூசிலாந்தில் உருவான கோஹா முதலிய கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு நூலகத்தைக் கணினிமயமாக்குதல், மின்னூலகம் அமைத்தல், காப்புரிமை ஆவணங்களையும் தரநிலைகளையும் தேடுதல், ஓலைச்சுவடிகளையும் பழந்தாள்களையும் காத்தல், ஆய்வு நெறிமுறை ஆகியவையும் பாடங்களாகின்றன. பழைய தமிழ்நூலை ஒளிவருடி எடுத்தால் மட்டும் போதாது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய எழுத்துவடிவங்களைக் கணினி படித்தறிய வேண்டும். தமிழறிவும் கணினியறிவும் ஒருவரிடமே கைகூட வேண்டிய இடம் இது.

மறுப்பும் விடையும்

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். தேடுபொறியும் செயற்கை நுண்ணறிவும் கையிலிருக்கும்போது இப்படிப்பு எதற்கு என்பது முதலாவது. தேடுபொறி விடைகளைக் குவிக்கிறது. அவற்றுள் எது நம்பத்தக்கது என்பதைத் தேர்வது நம் பொறுப்பாகவே எஞ்சுகிறது. செயற்கை நுண்ணறிவோ சில வேளைகளில் எவரும் எழுதாத நூலுக்குப் பெயரும் ஆசிரியரும் ஆண்டும் தந்துவிடுகிறது. அதைச் சரிபார்க்கத் தெரியாதவர், பொய்யை மெய்யென எடுத்துச் செல்வார். மூலம் எது, அதை எழுதியவர் யார், எப்போது எழுதினார், வேறு எங்கே அது உறுதிப்படுகிறது என்று கேட்கும் பழக்கத்தையே நூலகவியல் நாள்தோறும் பயிற்றுகிறது.

இரண்டாவது மறுப்பு வேலைவாய்ப்பைப் பற்றியது. இதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தொழிற்சாலை மாதந்தோறும் ஊதியம் தருகிறது. நூலகர் பணியிடமோ அறிவிப்புக்காகக் காத்திருக்கச் செய்கிறது. வீட்டில் வருமானம் தேவைப்படும் மாணவரிடம், எதனையும் எண்ணாமல் இதனைப் படி என்று அறிவுறுத்துவது நியாயமாகாது. ஆனால், ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் ஓராண்டில் இளநிலை நூலகவியல் பட்டத்தை முடிக்கலாம் என்பதையும், முன்பே கற்ற துறையறிவு இதில் வீணாவதில்லை என்பதையும் அவர் அறிய வேண்டும். இயந்திரவியலோ வேதியியலோ கற்றவர் தகவல் அறிவியலும் கற்றால், ஆய்வுக்கூடங்களிலும் நிறுவனங்களின் ஆவணப் பிரிவுகளிலும் அவருக்கு இடமுண்டு. 1962இல் பெங்களூருவில் அரங்கநாதன் நிறுவிய ஆவணமாக்க ஆய்வு பயிற்சி மையமும் இத்தகைய தேவையை முன்னுணர்ந்து எழுந்ததே.

வாசகரைத் தேடிச் செல்லும் நூலகம்

1931இல் அரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகள் இப்படிப்பின் அடித்தளம். நூல் பூட்டி வைப்பதற்கன்றிப் பயன்படுவதற்கே உரியது. வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் உண்டு. நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் உண்டு. வாசகரின் காலம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது என்பன அவற்றின் சாரம். இவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடலாம். ஒரகடத்தில் வைத்து எண்ணிப் பார்த்தால்தான் அவற்றின் கடுமை விளங்கும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே உழைக்கும் இளைஞரும் வாசகரே எனில், அவருடைய மொழியில் ஒரு நூலேனும் வேண்டாவா? இரவுப் பணி முடித்து விடியலில் திரும்புபவரின் காலத்துக்கு ஏற்ப நூலகத்தின் கதவு திறக்க வேண்டாவா? 1931ஆம் ஆண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர்தோறும் கொண்டுசென்றனர். அன்று வண்டி சென்றது. இன்று தொழிலாளர் விடுதி வாயில்வரை நூலகப் பேருந்து ஏன் செல்லக் கூடாது? 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் சொத்து வரியோடு நூலக வரியும் பெற வழிசெய்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகத்திற்கென எழுந்த முதற்சட்டம் அதுவே. வரி செலுத்தும் ஊர், நூலகச் சேவையை உரிமையாகக் கேட்கலாம்.

இவ்விடத்தில் படிப்பின் மீதும் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். பகுப்பெண்களைப் பிழையின்றி அமைக்கும் பயிற்சிக்குத் தரும் நேரத்தில் ஒரு பகுதியையேனும், வாசகரைச் சந்திக்கும் களப்பணிக்கு ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஓர் ஊரில் யார் வாழ்கின்றனர், எம்மொழி பேசுகின்றனர், எதை அறிய முடியாமல் தவிக்கின்றனர் என்பதைக் கேட்டறியாத நூலகர், எண்களில் தேறியும் பணியில் தேறாதவராவார்.

இன்று சேர்க்காவிடில்

இறுதியாக ஒன்று. வயலும் ஏரியும் சூழ்ந்திருந்த ஊர்கள் ஒரு தலைமுறைக்குள் தொழில்நகரங்களாகிவிட்டன. வயல்களுக்கு வழங்கிய பெயர்கள், வாய்க்கால்கள் சென்ற தடங்கள், பழைய வரைபடங்கள், திருவிழா அழைப்பிதழ்கள், பள்ளி மலர்கள், நிலத்தை விட்டுக்கொடுத்தவரின் நினைவுகள், முதல் தொழிற்சாலையில் முதல்நாள் பணிக்குச் சென்றவரின் அனுபவம் ஆகிய யாவும் இன்று வீட்டுப் பரண்களிலும் முதியோர் நினைவிலுமே உள்ளன. இவற்றைத் திரட்டி, பெயரிட்டு, நாள்குறித்து, எவரும் தேடிப் பெறுமாறு வைப்பதை நூலகவியல் உள்ளூர்த் தொகுப்பு என்கிறது.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் நூல்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்தார். அத்தொகுப்பு இன்று சென்னைத் தரமணியில் ஆய்வாளர் நாடும் நூலகமாக நிற்கிறது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்திலோ ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் மறுபடி இல்லாதவை மீளவே இல்லை. சேரப்பணஞ்சேரியின் நினைவை எவரும் எரிக்கப்போவதில்லை. கவனிப்பார் இல்லாமலே அது கரைந்துபோகலாம். பரணைத் தூய்மை செய்யும் ஒரு நாள் அதற்குப் போதும்.

ஆகவே, புத்தகம் அடுக்குவதற்கும் ஒரு படிப்பா என்று கேட்பவரிடம் அந்த மாணவி கூறத்தக்க விடை இருக்கிறது: "நம் ஊரைப் பற்றி நாளை ஒருவர் கேட்பார். அவர் வெறுங்கையோடு திரும்பாதிருக்க நான் படிக்கிறேன்."