அசலைத் தொடாத வருமானமா?

ஓய்வுபெற்றவர்களுக்கு இப்போது எல்லாரும் சொல்லும் யோசனை இது: நல்ல டிவிடெண்ட் தரும் பங்குகளை வாங்கிப் போடுங்கள், அசலில் கை வைக்காமல் ஆயுசுக்கும் சாப்பிடலாம். அசலில் கை வைப்பதில்லை என்பது பொய். வைப்பு நிதிக்கு வங்கி வட்டி கொடுத்த பிறகும் உங்கள் ஒரு லட்சம் ஒரு லட்சமாகவே இருக்கும். டிவிடெண்டோ நிறுவனத்தின் கையிருப்பிலிருந்து வருகிறது. அந்தக் கையிருப்பு ஏற்கெனவே பங்குதாரருக்கு உரியது. அதனால்தான் 100 ரூபாய்ப் பங்கு 5 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தால், எக்ஸ்-டிவிடெண்ட் நாளில் (அன்று முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடைக்காது), வேறெதுவும் மாறாதபோது 95 ரூபாய்க்கு இறங்குகிறது. அன்றைய சந்தையின் ஏற்ற இறக்கம் இதைக் கண்ணுக்கு மறைக்கலாம், இல்லாமல் செய்யாது. கணக்கில் அதே எண்ணிக்கையில் பங்குகள் இருப்பதைப் பார்த்து அசல் பத்திரமாக இருப்பதாக நம்புகிறோம். வரியும் தரகுச் செலவும் இல்லாத சந்தையில் டிவிடெண்ட் கொள்கையால் பங்குதாரரின் செல்வம் கூடுவதில்லை என்று பொருளாதார அறிஞர்கள் மில்லரும் மோடிக்லியானியும் 1961-லேயே நிறுவிவிட்டார்கள்.

சுரங்க நிறுவனமான வேதாந்தாவைப் பாருங்கள். 2022-23 நிதியாண்டில் ஐந்து முறை இடைக்கால டிவிடெண்ட் அறிவித்து, பங்குக்கு மொத்தம் 101.50 ரூபாய் கொடுத்தது. ஆண்டுத் தொடக்கத்தில் 400 ரூபாயை ஒட்டி இருந்த பங்கு, ஆண்டு முடிவில் 280-க்கும் கீழே இருந்தது. கொடுத்த தொகை அந்த ஆண்டின் லாபத்தைத் தாண்டியது. ஏறத்தாழ 70 சதவீதப் பங்கு வைத்திருந்த தாய் நிறுவனத்துக்குக் கடனை அடைக்கப் பணம் தேவைப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு வேதாந்தா நாட்டிலேயே தாராளமான நிறுவனம். டிவிடெண்ட் யீல்டை, அதாவது பங்கு விலையில் டிவிடெண்ட் எத்தனை சதவீதம் என்பதை, மட்டும் வைத்துப் பங்கு தேடுவதில் உள்ள ஆபத்து இதுதான்: விலை சரியச் சரிய யீல்டு தானாக ஏறும், நோயாளி நிறுவனம் பட்டியலில் முதலில் வந்து நிற்கும்.

வரியும் இந்த நம்பிக்கைக்குச் சாதகமாக இல்லை. 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்கு அவரவர் வருமான வரி விகிதத்தில் வரி. 30 சதவீத வரம்பில் உள்ளவருக்கு ஒரு லட்சம் டிவிடெண்டில் 31,200 ரூபாய் வரியாகப் போகும். அவரே 50,000 ரூபாய்க்கு வாங்கி ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளை ஒரு லட்சத்துக்கு விற்றால், லாபமான 50,000-க்கு மட்டுமே வரிக்கணக்கு. இத்தகைய பங்குகளின் நீண்டகால மூலதன லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியே கிடையாது. புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு டிவிடெண்டுக்கும் வரி இல்லாததால் அவரிடம் இந்த வாதம் செல்லாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிவிடெண்ட் அசலிலிருந்தே வருகிறது என்ற முதல் உண்மை அவருக்கும் மாறவில்லை.

சந்தை விழும்போது பங்கை விற்க நேராமல் டிவிடெண்ட் காப்பாற்றும் என்பார்கள். நெருக்கடியில் டிவிடெண்டும் நின்றுபோகலாம். 2020 ஏப்ரல் 17 அன்று, 2019-20 லாபத்திலிருந்து டிவிடெண்ட் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது. வங்கிப் பங்குகளை நம்பியிருந்தவருக்கு அந்த ஆண்டு விலையும் விழுந்தது, வரவும் நின்றது. இரண்டு ஆண்டுச் செலவுக்கான பணத்தை வைப்பு நிதியில் வைத்திருந்தவர், டிவிடெண்டை எதிர்பார்க்கவோ விழுந்த விலைக்குப் பங்கை விற்கவோ வேண்டியிருக்கவில்லை.