கரை உடையுமுன்

வடதேசங்களில் குளிர்காலம் வந்தால் வெண்பனி பொழிந்து நகரங்களை மூடிவிடுகிறது. நமது தென்காசிச் சீமையில் அத்தகைய பனி கிடையாது. ஆயினும் குளிர்காலத்துப் புயல் நமக்கும் உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்றோடு வரும் பெருமழையே அது. தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி இக்காலத்திலேயே கிடைக்கிறது. நமக்குச் சோறிடுவதும் இம்மழையே. கரையை உடைத்துக் குடிகளைத் தெருவில் நிறுத்துவதும் இம்மழையே. மழையைத் தடுக்க எந்த சர்க்காராலும் இயலாது. ஆனால் வருமென்று தெரிந்த மழைக்கு ஆயத்தமாயிருப்பது மனித முயற்சிக்கு உட்பட்டதே. அதில் தவறிவிட்டு விதியைப் பழிப்பது ஆண்மையாகாது.

2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்ஜில்லாக்களில் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 செ.மீ.க்கு மேல் பெய்தது. ஒரு வருஷத்தில் பெய்யவேண்டியது ஒரே நாளில் பெய்ததென்றால் மிகையன்று. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், ஏறக்குறைய 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. நாற்புறமும் வெள்ளம். அப்போது அப்பிரயாணிகளுக்கு முதலில் சோறு சமைத்து அளித்தவர்கள் யார்? பக்கத்திலுள்ள புதுக்குடி கிராமத்து ஜனங்களே. ஆகாயவிமானங்கள் பின்னர் வந்தன; அடுப்பு மூட்டிய கைகள் முன்னரே வந்துவிட்டன.

வெள்ளம் வடியுமுன்பே வாக்குவாதம் எழுந்தது. மழையின் கடுமையை வானிலை இலாகா முன்கூட்டித் தெளிவாய்ச் சொல்லவில்லை என்றது மாநில சர்க்கார். எச்சரிக்கை உரிய காலத்திலேயே விடுக்கப்பட்டது என்றது மத்திய சர்க்கார். இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் புகவில்லை. நாம் கேட்பது வேறு. சென்னையில் எழுதப்பட்ட எச்சரிக்கை, ஏரிக்கரையில் குடிசை போட்டிருப்பவன் காதில் எப்பொழுது விழுந்தது? விழவில்லையென்றால், அது எவ்வளவு சரியாக எழுதப்பட்டிருந்தும் அவனுக்குப் பிரயோஜனம் யாது?

இக்கேள்வி நமது பகுதிக்கு மிகவும் பொருந்தும். இலத்தூர், ஆய்க்குடி, சாம்பவர்வடகரை முதலிய ஊர்கள் மலையடிவாரத்தை அடுத்தவை. மேக்கரையில் பெய்யும் மழை அனுமன் நதியாய் இறங்குகிறது. குற்றாலமலையில் பெய்வது சிற்றாறாய் இறங்குகிறது. இவ்விரண்டும் வீரகேரளம்புதூரில் கூடுகின்றன. மலையில் பெய்த மழை சமவெளிக்கு வர நாட்கள் வேண்டாம். சில நாழிகை போதும். கீழே நிற்பவன் தலைமேல் தூறல்கூட இல்லாதிருக்க, காலடியில் வெள்ளம் வந்துவிடக்கூடும். 2024-ம் வருஷம் மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த நீர், குளிக்க வந்த ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. அதே வருஷம் டிசம்பர் மத்தியில் ஆய்க்குடியில் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. அருவிகளில் குளிக்கத் தடை விதிக்க நேர்ந்தது. இனி இத்தகைய மழை வராது என்று யாரும் உறுதி கூறமுடியாது.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தின் வரலாறு ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. 1979-ம் வருஷம் ஜனவரியில் அந்நகரில் பெரும் பனிப்புயல் அடித்தது. தெருக்களில் பனி வாரப்படாமல் கிடந்தது. நீக்ரோ மக்கள் வாழும் பகுதிகளில் ரயில்கள் நில்லாமலே சென்றன. அடுத்த மாதம் நடந்த கட்சித் தேர்தலில் மேயர் பிலாண்டிக்கை ஜனங்கள் தோற்கடித்து, ஜேன் பைர்ன் அம்மையாரைத் தேர்ந்தெடுத்தனர். பனி பெய்ததற்காக அவரை அவர்கள் தண்டிக்கவில்லை. ஆயத்தமின்மைக்காகவும் பாரபட்சத்திற்காகவுமே தண்டித்தனர். நமது நாட்டிலோ ஜாதியும் கட்சியும் பார்த்து வோட்டுப் போடுகிறோம். மறுகால் தூர்ந்து கிடப்பதை எந்தத் தேர்தலிலாவது கேட்டோமா?

ஏரியும் குளமும் ஊராரின் உடைமை என்ற எண்ணம் ஒரு காலத்தில் இருந்தது. மழைக்கு முன் கரையை உயர்த்துவதும் கால்வாயைத் தூர் வாருவதும் குடிமராமத்தாக நடைபெற்றன. ஆங்கிலேயர் 1858-ம் வருஷத்துச் சட்டத்தால் அதைக் கட்டாய வேலையாக்கினர். தன் கடமை என்று செய்த வேலை தண்டனைக்குப் பயந்து செய்யும் வேலையாயிற்று. 2017-ல் தமிழக சர்க்கார் குடிமராமத்து என்ற பெயரை மீண்டும் எடுத்தது நல்லதே. ஆனால் குடிகள் இல்லாமல் காண்ட்ராக்டர் மட்டும் இருந்தால் அது மராமத்தேயன்றிக் குடிமராமத்து ஆகாது.

ஆகவே நாம் கூறும் யோசனை எளியது. அக்டோபர் 2-ந் தேதி, காந்தியடிகள் பிறந்த தினத்தில், கிராமசபைகள் கூடுகின்றன. பெருமழைக்கு இதைவிடப் பொருத்தமான முன்தினம் இல்லை. அன்று ஒவ்வொரு ஊரிலும் குளங்களின் கணக்கை உரக்கப் படிக்க வேண்டும். கரை எங்கே இளைத்திருக்கிறது, எந்த மடை பழுது, மறுகாலை ஆக்கிரமித்தவர் எவர் என்பவை வெளிப்படட்டும். மேக்கரையிலும் குற்றாலத்திலும் பெரு மழை என்றால், அச்செய்தியைக் கீழேயுள்ள ஊர்களுக்கு உடனே தெரிவிப்பவர் யார், தெருத்தெருவாய்ச் சொல்பவர் யார் என்று பெயர் குறித்து நியமிக்க வேண்டும். தொலைபேசிச் செய்தி போதாது. மின்சாரம் நின்ற இரவில் தமுக்கே துணை. மணல் மூட்டைகளும், அரிசியும், பள்ளிக்கூடத்துச் சாவியும் எங்கே உள்ளன என்பது ஊர் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். கலெக்டரும் உத்தியோகஸ்தரும் இவற்றிற்குத் துணை நிற்கக் கடமைப்பட்டவர்கள். கேட்க வேண்டியது நமது கடமை.

தேசத்தொண்டு செய்ய விரும்பும் வாலிபர்கள் கொடியோடு மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கரைக்குச் செல்வார்களாக. தன் ஊர்க் குளத்தைக் காக்கத் தெரியாதவனுக்குச் சுயராஜ்யம் என்பது வெறும் சொல்லே. உடைந்த பின் ஓலமிடுவதை விடுத்து, உடையுமுன் ஒன்றுகூடுவோமாக.