பத்து வயதிலும் ஊசி உண்டு

பிள்ளைக்கு ஒன்றரை வயதாகும் வரை தடுப்பூசி அட்டையை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதன் பிறகு அது பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. ஆனால் தேசிய அட்டவணை அங்கே முடியவில்லை. ஐந்து வயதில் முத்தடுப்பு ஊசியின் இரண்டாம் ஊக்கத் தவணை இருக்கிறது. 10 வயதிலும் 16 வயதிலும் ரணஜன்னியையும் தொண்டை அடைப்பானையும் தடுக்கும் ஊசி இருக்கிறது. இவை விட்டுப்போனால் யாரும் தேடி வருவதில்லை என்பதே நம் கவலை.

கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசியின் காப்பு வருடம் போகப்போகக் குறையும். தொண்டை அடைப்பான் தொண்டையில் சாம்பல் நிறப் படலமாகப் படர்ந்து மூச்சை அடைக்கும். அதன் நஞ்சு இதயத்தையும் தாக்கும். 2016இல் பக்கத்துக் கேரளத்தின் மலப்புரத்தில் அது பதின்ம வயதுப் பிள்ளைகளின் உயிரைப் பறித்தது.

ஆகவே ஜூன் மாதச் சேர்க்கையின்போதே எல்லாப் பள்ளிகளும், மெட்ரிக், சிபிஎஸ்இ பள்ளிகள் உட்பட, அட்டையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அட்டை இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. விட்டுப்போன ஊசியைப் பள்ளியிலேயே போட வேண்டும்.

அதற்கு முன் பெற்றோரிடம் பேச வேண்டும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா முகாம் தொடங்கியபோது, விளக்கத்துக்கு முன்பே வாட்ஸ்அப் வதந்தி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பயந்த பெற்றோர் ஊசிக்குச் சம்மதிக்கவில்லை. முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. பெற்ற வயிறு பயப்படத்தான் செய்யும்.

ஊசி நாளுக்கு ஒரு வாரம் முன்பு கிராம சுகாதார செவிலியர் பெற்றோர் கூட்டத்துக்கு வரட்டும். ஐஸ் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்துக் காட்டட்டும். அதன் மேல் ஒரு வட்டம், வட்டத்துக்குள் வெளிறிய ஒரு சதுரம் இருக்கும். மருந்தில் சூடு பட்டுக்கொண்டே போனால் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தொடவே கூடாது. செவிலியருக்கு இது அன்றாடம். ஒரு தாய் தன் கண்ணால் பார்த்துவிட்டால், பத்துத் துண்டறிக்கை தராத தைரியம் அவளுக்கு வரும்.

ஊசி நாளன்று காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்த பிள்ளை, பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விட்ட பிள்ளை, இவர்களின் பெயர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பட்டியலில் ஊசி போடும் வரை இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை மாதாமாதம் கேட்டு வாங்கிப் பார்ப்பது தலைமையாசிரியரின் பொறுப்பு என்று அரசு எழுத்தில் ஆணையிட வேண்டும்.