வகுப்பறை கதையைக் கொல்லவில்லை

புத்தக வெளியீட்டு விழாக்களில் ஒரு வசனம் தவறாமல் வரும். ஏற்புரைக்கு எழும் எழுத்தாளர், "நல்லவேளை, நான் தமிழ் இலக்கியம் படிக்கவில்லை. படித்திருந்தால் எழுத்தாளனாகியிருக்க மாட்டேன்" என்பார். அரங்கம் கைதட்டும். வாழ்த்துரைக்கு அழைக்கப்பட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பேராசிரியரும் சேர்ந்து கைதட்டுவார். ஆண்டுக்கணக்கில் இதைக் கேட்டுவருகிறேன். சொல்பவர்கள் மாறுகிறார்கள், வசனம் மாறுவதில்லை.

மேடையோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். நிற்பதில்லை. பாடத்திட்டத்தைத் திருத்தக் கூடிய கூட்டமொன்றில், கதையியல் தாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அலுவலகக் கடிதப் பயிற்சியை வைக்கலாம் என்று பேச்சு வந்தது. எடுக்கச் சொன்னவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் இந்த வசனம். "எழுத்தாளர்களே வேண்டாம் என்கிறார்கள், நாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?" என்றார். பதில் சொல்ல வேண்டியவர்கள் வாய் திறக்கவில்லை. அங்கே சொல்லப்படாத பதிலை இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் வாதம்: எழுத்தாளன் பிறக்கிறான், தமிழ்த்துறையில் உருவாவதில்லை.

உருவாக்கித் தருவதாக எந்தத் துறையும் வாக்களிக்கவில்லை. துறையின் வேலை வாசிக்கக் கற்றுக்கொடுப்பது. ஆனாலும் கணக்குக் கேட்பவர்களுக்குக் கணக்குத் தருகிறேன். 'குருதிப்புனல்' எழுதிய இந்திரா பார்த்தசாரதி டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதிய ராஜ் கௌதமன் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். சங்க இலக்கியத்தில் ஆழ்ந்த ஆய்வாளர். பெருமாள்முருகன் அரசுக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவர், ஆர். சண்முகசுந்தரத்தின் படைப்புகளை ஆராய்ந்து நூல் எழுதியவர். எம்.ஏ. நுஃமான் கவிஞர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மொழியியலாளர். தமிழவன் 1982இல் 'ஸ்ட்ரக்சுரலிசம்' என்ற கோட்பாட்டு நூலை எழுதினார். அதற்குப் பிறகுதான், 1985இல், 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' நாவல் வந்தது. கோட்பாடு படித்தவனின் கற்பனை வறண்டுபோகும் என்பதற்கு இவர்களில் யார் சான்று?

இரண்டாம் வாதம்: இலக்கியம் படித்தால் வேலை கிடைக்காது.

பொறியியல் படித்துவிட்டு வேலை தேடுபவர்களைக் காட்டி யாரும் இயற்பியல் துறையை மூடச் சொல்வதில்லை. இது இலக்கியத்தைப் பற்றிய வாதமே இல்லை என்பதால் இங்கேயே விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் வாதம்: பூவைப் பிய்த்துப் பார்த்தால் மணம் போய்விடும், கதையை அலசினால் உயிர் போய்விடும்.

கேட்க அழகாக இருக்கிறது, உண்மையாக இல்லை. பிய்த்த பூவை மறுபடி ஒட்டவைக்க முடியாது. கதை அப்படியா? வகுப்பு முடிந்த பிறகும் அது அச்சிட்ட பக்கத்தில் ஓர் எழுத்துக் குறையாமல் இருக்கிறது. மாணவர்கள் அதை இரண்டாம் முறை படிக்கிறார்கள். உவமை வாதத்துக்கு உதவலாம், உவமையே வாதமாகிவிடாது.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையை எடுத்துக்கொள்வோம். செல்லம்மாள் இறந்துவிட்டாள் என்ற செய்தியோடு கதை தொடங்குகிறது. அதற்குப் பிறகுதான் பின்னோக்கிப் போய், ஜவுளிக்கடையில் சொற்பச் சம்பளத்துக்கு உழைக்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவியை வைத்துக்கொண்டு சென்னையில் நடத்திய வாழ்க்கையைச் சொல்கிறது. இதை வகுப்பில் வாசித்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அந்தம்மா செத்துட்டாங்கன்னு முதல்லயே தெரியுது. அப்புறமும் அவரு பாத்துப் பாத்துக் கவனிக்கும்போது, எப்படியாவது பொழச்சிரணும்னு மனசு ஏங்க ஐயா கெடந்து அடிச்சுக்குது?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது உணர்ச்சியைப் பற்றி. அதற்கான பதில் வடிவத்தில் இருக்கிறது. கரும்பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் சம்பவங்களை நடந்த வரிசையில் எழுதினோம், வலப்பக்கம் புதுமைப்பித்தன் சொன்ன வரிசையில் எழுதினோம். நடந்த வரிசையிலேயே சொல்லியிருந்தால் 'பிழைப்பாளா, மாட்டாளா' என்ற கேள்வி வாசகரை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கும், சாவு ஒரு திருப்பமாக முடிந்திருக்கும். புதுமைப்பித்தன் அந்தக் கேள்வியைத் தொடக்கத்திலேயே மூடிவிடுகிறார். எனவே வாசகருக்குப் பார்க்க மிஞ்சுவது அந்த மனிதர் எப்படிக் கவனித்துக்கொள்கிறார் என்பது மட்டும். அவருக்கு அப்போது தெரியாத முடிவு நமக்குத் தெரியும். அவருடைய ஒவ்வொரு பணிவிடையையும் அந்த முடிவை வைத்துக்கொண்டே படிக்கிறோம். அவர் அறிந்ததற்கும் நாம் அறிந்ததற்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் அந்தத் துயரம் பிறக்கிறது. நடந்த வரிசை, சொன்ன வரிசை என்ற இந்தப் பாகுபாட்டைப் பிரெஞ்சு அறிஞர் ஜெரார் ஜெனெத் 1972இல் வெளியிட்ட நூலில் விரிவாக வகுத்துத் தந்திருக்கிறார். அந்த வகுப்பில் கதையின் உயிர் எங்கே போயிற்று? ஏன் அழுதோம் என்று தெரிந்துகொண்ட பிறகும் அழுகை வந்தது.

இன்னொன்றும் கேட்கிறேன். இந்த வசனத்தைச் சொல்லும் பலரும் சி.சு. செல்லப்பாவை ஆசானாகக் கொண்டாடுகிறவர்கள். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய செல்லப்பா அதில் என்ன செய்தார்? கவிதையை வரி வரியாகப் பிரித்தார், கதையின் கட்டுமானத்தை அக்கக்காகக் கழற்றிக் காட்டினார். அலசல் விமர்சனம் என்றே அதற்குப் பெயர் வந்தது. அதே வேலையைச் செல்லப்பா செய்தால் விமர்சனம், முதுகலை வகுப்பில் செய்தால் கொலை என்பது எந்த ஊர் நியாயம்?

நான்காம் வாதம்: வடிவ ஆய்வு மேலைநாட்டுச் சரக்கு. நம் மரபில் அனுபவிப்பதுதான் உண்டு, ஆராய்வது இல்லை.

எனக்கு மிகுந்த கோபம் வருவது இதைக் கேட்டுத்தான். ஏனென்றால் இதைச் சொல்பவர்கள் தமிழ் மரபின் பேரால் சொல்கிறார்கள், அந்த மரபின் ஒரு பக்கத்தையும் புரட்டாமல் சொல்கிறார்கள்.

தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் எட்டாவதாக நிற்பது செய்யுளியல். அது செய்யுளுக்கு 34 உறுப்புகளை வகுக்கிறது. மாத்திரை, அசை, சீர், அடி என்று யாப்பில் தொடங்குகிற பட்டியல் அத்தோடு நிற்பதில்லை. கூற்று வருகிறது: யார் பேசுகிறார்? கேட்போர் வருகிறது: யாரிடம் பேசுகிறார்? களன், காலம் வருகின்றன. முன்னம் வருகிறது: இந்தப் பேச்சை இந்த இடத்தில் இன்னார் இன்னாரிடம்தான் பேசியிருக்க முடியும் என்று உய்த்துணர்வது. எச்சம் வருகிறது: சொல்லாமல் விடப்பட்டு வாசகர் நிரப்பிக்கொள்ள வேண்டியது. மாட்டு வருகிறது: பாட்டுக்குள் தள்ளித் தள்ளிக் கிடக்கும் பகுதிகளை இணைத்துப் பொருள் முடிப்பது. புதுவகைப் படைப்புக்கும் விருந்து என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பிரதிக்கு உள்ளே இருக்கும் கேட்போரைத் தனி உறுப்பாக எடுத்து மேலைநாட்டுக் கதையியல் பேசத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இது யாருடைய சரக்கு?

அகப்பாடல்களில் வரும் சிறைப்புறம் என்ற ஒன்றை மட்டும் பார்ப்போம். இரவில் தலைவன் வந்து வேலிக்கு அப்பால் நிற்கிறான். அவன் நிற்பது தோழிக்குத் தெரியும். தெரியாதவள்போல அவள் தலைவியிடம் பேசுகிறாள்: ஊர் பேசத் தொடங்கிவிட்டது, தாய் காவலைக் கூட்டிவிட்டாள், இனி என்ன செய்யப்போகிறோம்? வார்த்தைகள் தலைவியை நோக்கிப் போகின்றன, போய்ச் சேர வேண்டிய காது வேலிக்கு அப்பால் இருக்கிறது. இனியும் களவில் வந்துகொண்டிருக்காதே, மணந்துகொள் என்ற வற்புறுத்தலை அவள் ஒரு சொல்லில்கூட அவனிடம் சொல்லவில்லை. பாட்டின் அடியில் இருக்கும் கூற்றுக் குறிப்பை மறைத்துவிட்டுப் படித்தால் இரண்டு பெண்களின் புலம்பல் மட்டுமே கண்ணில் படும். யார் கேட்கிறார்கள் என்று தெரிந்த அடுத்த நொடி அதே சொற்கள் கெட்டிக்காரத்தனமான ஒரு பேரமாக மாறுகின்றன. இந்த மாற்றத்தைக் காட்டித்தர ஓர் ஆசிரியர் வேண்டும். வெறுமனே அனுபவித்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது.

நெடுநல்வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். நக்கீரர் பாடியது, 188 அடி. கூதிர்காலத்து வாடை வீசுகிறது. அரண்மனையில் அரசி பிரிவால் வாடிக் கட்டிலில் கிடக்கிறாள். அதே நள்ளிரவில் அரசன் பாசறையில் தூங்காமல், புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். பிரிவும் ஏக்கமுமாக முழுக்க அகப்பாட்டு போலவே செல்கிறது. ஆனால் பாசறைக் காட்சியில் ஒரு வேல் வருகிறது, அதன் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளம். அகத்திணையில் தலைமக்களைப் பெயர் சுட்டிக் காட்டக் கூடாது என்பது விதி. வேம்பு வந்ததால் தலைவன் பாண்டியன் என்பது வெளிப்பட்டுவிட்டது, ஆகவே இது அகம் ஆகாது, புறம் என்று தீர்ப்புச் சொன்னார் நச்சினார்க்கினியர். அந்தத் தீர்ப்பை ஏற்றும் மறுத்தும் இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இது வெட்டி விவகாரம் என்று நினைப்பவர் ஒருமுறை இரண்டு விதமாகவும் படித்துப் பார்க்கட்டும். அகம் என்று கொண்டால் அரசியின் துயரம் பாட்டின் மையம். புறம் என்று கொண்டால் அரசனின் கடமை மையம். வகையை மாற்றினால் பாட்டு முழுவதும் இடம் மாறி உட்காருகிறது. 188 அடிக்குள் ஒரே ஒரு வேல்முனையைக் கவனித்து இவ்வளவையும் சொன்ன ஒரு மரபைப் பார்த்தா, ஆராயத் தெரியாத மரபு என்கிறார்கள்?

இளம்பூரணரும் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் செய்யுளியலுக்கு எழுதிய உரைகள் அச்சில் கிடைக்கின்றன. படிப்பதற்குக் கடினமானவை, தனியாக உட்கார்ந்து முட்டி மோதுபவர்களில் பலர் பாதியில் விட்டுவிடுவார்கள். அவற்றைக் கைபிடித்துப் படிக்கவைக்கும் இடம் இன்று பல்கலைக்கழகத் தமிழ்த்துறை தவிர வேறு எங்கே இருக்கிறது?

வெளியிலிருந்து வந்த கருவிகளாலும் நமக்கு நட்டமில்லை. ரஷ்ய அறிஞர் விளாடிமிர் ப்ராப் 1928இல் 100 மாயக் கதைகளைப் பிரித்து, எல்லாவற்றுக்கும் அடியில் 31 செயல்கள் குறிப்பிட்ட வரிசையில் வருவதைக் காட்டினார். நாட்டார் கதைகளை ஆராய்பவர்களுக்கு அது இன்றும் கைக்கருவி. க. கைலாசபதி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்த நூலில், சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களைப் பாணர்களின் வாய்மொழி மரபோடு பொருத்திக் காட்டினார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தபோது, திணை என்னும் வடிவத்தை விளக்கிய பின்னுரையையும் உடன் வைத்தார். அந்த விளக்கத்தோடுதான் அகப்பாடல்கள் பிறநாட்டு வாசகர்களைச் சென்றடைந்தன. கைலாசபதியும் ராமானுஜனும் செய்தது பல்கலைக்கழகங்களில் நடந்த வேலை.

ஐந்தாம் வாதம்: தமிழ்த்துறை ஆய்வேடுகளைப் பாருங்கள், எவ்வளவு மோசம்!

இதைச் சொல்பவர்கள் கைவசம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். இன்னாருடைய நாவல்களில் சமுதாயச் சிந்தனைகள், இன்னாருடைய சிறுகதைகளில் பெண்கள் நிலை, இன்னாருடைய கவிதைகளில் மனிதநேயம். இவை மோசமானவைதான். ஏன் மோசமானவை? ஒரு நாவலுக்குள் புகுந்து வரதட்சணை எத்தனை இடத்தில் கண்டிக்கப்படுகிறது, சாதி எத்தனை இடத்தில் சாடப்படுகிறது என்று மேற்கோள்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து ஐந்து இயல்களில் அடுக்குகிறார்கள். யார் சொல்கிறார், எந்த வரிசையில் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்ற ஒரு கேள்வியும் அந்த ஏடுகளில் இருக்காது. நாவலை எடுத்துவிட்டு அங்கே ஒரு தலையங்கத்தை வைத்தாலும் அதே ஆய்வேட்டை எழுதிவிடலாம். அதாவது வடிவத்தைக் கைவிட்டதால் வந்த நோய் இது. நோயைக் காட்டி மருந்தைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள்.

இந்த ஐந்து வாதங்களுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை ஓடுகிறது: ரசனை தானாக வருவது, கற்றுக்கொடுத்து வருவதில்லை. யாருக்குத் தானாக வந்தது? வீட்டில் அலமாரி நிறையப் புத்தகமும், படித்ததைப் பற்றிப் பேச ஓர் அப்பாவோ சித்தப்பாவோ, நடந்து போகும் தூரத்தில் ஒரு நூலகமும், வயதில் மூத்த ஓர் எழுத்தாளரின் திண்ணையும் வாய்த்தவர்களுக்கு வந்தது. அவர்களுக்கும் யாரோ கற்றுக்கொடுத்தார்கள். அந்த இடத்துக்கு வகுப்பறை என்று பெயர் இல்லை, அவ்வளவுதான்.

அரசுக் கல்லூரியில் என் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தத் திண்ணை இல்லை. குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், காலையில் ஒரே பேருந்தைப் பிடித்து வருபவர்கள், பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு முழு நாவலைக் கையில் எடுத்துப் பார்த்திராதவர்கள். கதையியல் தாளை எடுத்துவிட்டால் வெளியீட்டு விழா மேடைக்கு ஒரு குறையும் வராது. இழப்பு முழுவதும் இவர்களுக்கு. வடிவத்தைப் படித்தவர் 'எனக்குப் பிடித்தது, பிடிக்கவில்லை' என்பதைத் தாண்டி, 'இந்த இடத்தில் இப்படிச் சொல்லியிருப்பதால் இப்படிப் படிக்கிறேன்' என்று பிரதியில் விரல் வைத்துப் பேசுவார். பெரிய எழுத்தாளரோடும் வாதாடுவார், ஆசிரியரோடும் வாதாடுவார். அந்த உரிமை பிறப்பாலும் பழக்கத்தாலும் சிலருக்கு மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லட்டும்.

கதையியல் தாள் பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும். வினா விடைக் கையேட்டை நம்பாமல், கதையை முழுசாக வகுப்பில் வாசித்து அதைக் கற்பிக்க வேண்டும்.